ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனராகத் தொடங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தனியாளாக வெப்சைட் செய்துகொடுக்கும் வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி முடித்தவர்கள், வேறு வேலையில் இருப்பவர்கள், குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியபின் மறுபடி சம்பாதிக்க விரும்பும் பெண்கள் எனப் பலரும் கேட்பவை இவை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசைன் கற்றுக்கொள்வது இந்தத் தொழிலில் பாதிதான். எதிரே உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரின் தொழிலைப் புரிந்துகொள்வதும், பேசியதை எழுத்தில் வைப்பதும் மறுபாதி. ஆன்லைன் கோர்ஸ்கள் முதல் பாதியை நன்றாகவே சொல்லிக்கொடுக்கின்றன. அதனால் இங்கே இரண்டாம் பாதிக்கு அதிக இடம்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கவில்லை. இந்த வேலைக்கு வர முடியுமா?

முடியும். உங்களிடம் தளம் கேட்கும் மண்டப உரிமையாளரோ பள்ளித் தாளாளரோ உங்கள் டிகிரியைக் கேட்கப்போவதில்லை. நீங்கள் செய்த ஒரு தளத்தைத் தங்கள் போனில் திறந்து பார்ப்பார்கள். தமிழ் இலக்கியம் படித்தவர்களும் பி.காம் படித்தவர்களும் இந்த வேலையில் நன்றாக வருகிறார்கள். ஒருவருக்கு எழுத்து கைவந்தது, இன்னொருவருக்குக் கணக்கு. இரண்டும் இங்கே தேவைப்படும்.

எதை, எந்த வரிசையில் கற்றுக்கொள்வது?

முதலில் பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் ஹெச்டிஎம்எல், அதன் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ். அவசரப்படாதீர்கள். ஒரு மெனு, ஒரு படத்தொகுப்பு, ஒரு படிவம், ஒரு விலைப்பட்டியல் இவற்றை எதையும் பார்க்காமல் நீங்களே எழுதி, போனிலும் லேப்டாப்பிலும் சரியாகத் தெரியவைக்க முடிந்தால் அடித்தளம் போட்டாகிவிட்டது. சிஎஸ்எஸ்-இல் பக்கத்தில் எது எங்கே நிற்க வேண்டும் என்று அமைக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டையும் ஆழமாகப் பழகுங்கள். தினமும் அவைதான் கைகொடுக்கும். மொசில்லாவின் எம்டிஎன் என்ற விளக்கத் தளமும் ஃப்ரீகோட்கேம்ப் என்ற பயிற்சித் தளமும் முற்றிலும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால் யூடியூபில் தமிழிலேயே நல்ல பாடங்கள் கிடைக்கின்றன. ஆனால் எம்டிஎன்-ஐ வாசிக்கும் பழக்கத்தையும் கூடவே வளர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வரும்போது கடைசியில் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்து கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். மெனுவைத் திறந்து மூடவும் படிவத்தைச் சரிபார்க்கவும் தெரிந்தால் இப்போதைக்குப் போதும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி பிறகு வரட்டும். உள்ளூர்ச் சிறுதொழில்களின் தளங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

அதன்பின் வேர்ட்பிரஸ். 2003-இல் வந்த இந்த மென்பொருளில்தான் உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஓடுகின்றன. வாடிக்கையாளர் தானே உள்ளே போய் ஒரு படத்தையோ விலையையோ மாற்ற வேண்டும் என்றால் இன்றைக்கும் இது நல்ல வழி. வரைந்து காட்டுவதற்கு ஃபிக்மா. அதன் இலவசக் கணக்கே ஆரம்பத்துக்கு ஏராளம்.

தாங்களே தளம் கட்டிக்கொள்ள விக்ஸ் இருக்கிறது, ஏஐ ஒரு நிமிடத்தில் தளம் செய்துகொடுக்கிறது. எனக்கு ஏன் காசு கொடுப்பார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி இது. இனி வெறும் பக்கத்துக்கு யாரும் பெரிதாகக் காசு தரமாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. ஏஐ ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழகான பக்கம் போட்டுக் கொடுக்கும். ஆனால் மண்டபத்துக்கு போன் செய்பவர்கள் முதலில் கேட்பது எந்தெந்த முகூர்த்த நாள் காலியாக இருக்கிறது, டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம், வெளிச் சமையல்காரரை அனுமதிப்பீர்களா, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பவைதான். மேனேஜர் பக்கத்தில் அரைநாள் உட்கார்ந்தால் இது தெரிந்துவிடும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கும் தளம் அவருக்கு வரும் வெட்டி அழைப்புகளைக் குறைக்கும், சரியான அழைப்புகளைக் கூட்டும். அதற்குத்தான் காசு.

கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவை மிச்சப்படுத்தும் நேரத்தை வாடிக்கையாளரின் கடையில் செலவழியுங்கள்.

முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

உங்கள் ஊரில். பலரும் நேராக அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களுக்குப் போய், உலகம் முழுக்க உள்ளவர்களோடு விலையில் மோதி, சில மாதங்களில் சோர்ந்துவிடுகிறார்கள். உங்கள் ஊரில் உங்களுக்கு இருக்கும் சாதகம் அங்கே கிடையாது. மொழி தெரியும், தெரு தெரியும், நேரில் போக முடியும், அப்பாவையோ அத்தையையோ தெரிந்தவர் யாராவது இருப்பார்.

ஒரே ஒரு தொழில்வகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். திருப்பூராக இருந்தால் பனியன் ஏற்றுமதிக்குத் துணையாக இருக்கும் சிறு யூனிட்டுகள். எம்பிராய்டரி, பிரிண்டிங், துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங் செய்பவர்கள் எந்த மெஷின் வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு முடிப்பார்கள் என்று காட்ட ஒரு பக்கம்கூட இல்லாமல் இருப்பார்கள். கோவையாக இருந்தால் பம்ப், மோட்டார் உதிரிபாகம் செய்பவர்கள். காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைத் தங்குமிடமாக மாற்றியிருப்பவர்கள். சேலத்தில் வெள்ளிக் கொலுசு, ஈரோட்டில் ஜவுளி, கும்பகோணத்தில் பித்தளைச் சாமான். ஒரு தொழிலில் இரண்டு தளம் முடித்துவிட்டால் மூன்றாவது ஆளிடம் நீங்கள் பேசும் பேச்சே மாறிவிடும். அவர் தொழிலின் சொற்கள் உங்கள் வாயில் வரும்போது அவருக்கு நம்பிக்கை வரும்.

எப்படி அணுகுவது? கூகுள் மேப்பில் அந்தத் தொழிலைத் தேடுங்கள். தளம் இல்லாதவர்கள், தளம் இருந்தும் போனில் சரியாகத் தெரியாதவர்கள், திறக்கவே திறக்காதவர்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். போனில் பேசுவதைவிட நேரில் போவது நல்லது, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். "உங்களுக்கு வெப்சைட் வேண்டுமா" என்று தொடங்காதீர்கள், உடனே "வேண்டாம் தம்பி" என்று வந்துவிடும். "அண்ணே, மேப்பில் உங்கள் கடையின் போன் நம்பர் பழசாக இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று உண்மையான ஒரு குறையைக் காட்டி, அங்கேயே அதைச் சரிசெய்ய உதவுங்கள். அப்போதே வேலை வராவிட்டாலும் உங்கள் பெயர் நினைவில் நிற்கும்.

அச்சகம், டிடிபி சென்டர், ஃப்ளெக்ஸ் அடிப்பவர், போட்டோ ஸ்டுடியோ, ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர் ஆகியோருடனும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கடை திறப்பவர் விசிட்டிங் கார்டுக்கும் போர்டுக்கும்தான் முதலில் போவார். அவர்கள் சொல்லி அனுப்பும் ஆள் பாதி முடிவெடுத்துவிட்டே உங்களிடம் வருவார்.

காட்டுவதற்கு ஒரு வேலையும் இல்லையே?

இரண்டு மாதிரித் தளங்கள் செய்யுங்கள். கற்பனை காபி ஷாப் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். உங்கள் ஊரில் தளம் இல்லாத ஒரு நிஜத் தொழிலை எடுத்துக்கொண்டு, மாதிரி என்று தெளிவாகக் குறிப்பிட்டு, அனுமதி கேட்டுச் செய்யுங்கள். தளத்தை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் எதிலும் இலவசமாக ஏற்றலாம். உங்களுக்கென்று சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, மட்டும் காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.

சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்கிறார்களே?

மாமாவின் கடைக்கு ஒன்று செய்துகொடுக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கும் முழு விலையில் பில் போட்டு, அதே அளவு தள்ளுபடி என்று எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் அந்த வேலையின் மதிப்பு மாமாவுக்கும் தெரியும், அவர் சொல்லி அனுப்பும் ஆளுக்கும் தெரியும். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு கேட்பது?

அடுத்த தெருக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து விலை சொன்னால், அவருடைய செலவுக்கு நீங்கள் வேலை செய்வதாக ஆகிவிடும். உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்.

உதாரணத்துக்கு, வீட்டுக்கு மாதம் ரூ.30,000 தேவை. இணையம், மின்சாரம், சாஃப்ட்வேர், லேப்டாப்புக்கு ஒதுக்க வேண்டியது எல்லாம் சேர்த்து ரூ.6,000. மொத்தம் ரூ.36,000. மாதம் 24 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 192 மணிநேரம். ஆனால் அதில் பாதிக்கு மேல் பேச்சுக்கும் அலைச்சலுக்கும் கொட்டேஷனுக்கும் படிப்புக்கும் போய்விடும். காசாகும் நேரம் 90 மணி என்று வையுங்கள். ஒரு மணிக்கு ரூ.400 வருகிறது. ஐந்து பக்கத் தளம், தமிழிலும் ஆங்கிலத்திலும், தகவல் சேகரிப்பது உட்பட 45 மணிநேரம் பிடிக்கும் என்றால் ரூ.18,000. எதிர்பாராதவற்றுக்கு அதில் கால்பங்கு கூட்டினால் ரூ.22,500. இந்த எண்கள் எடுத்துக்காட்டுதான். உங்கள் வீட்டுச் செலவை வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.

வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கைச் சொல்ல வேண்டாம். மொத்தத் தொகை ஒன்றைச் சொல்லுங்கள். குறைக்கச் சொன்னால் விலையை மட்டும் தனியாகக் குறைக்காதீர்கள், வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். "ஆங்கிலப் பக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் சார், அப்போது இவ்வளவு குறையும்" என்று சொன்னால் மரியாதையாகவும் இருக்கும், உங்களுக்கு நஷ்டமும் வராது.

அட்வான்ஸ் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

தச்சரும் பந்தல்காரரும் அட்வான்ஸ் வாங்காமல் ஆள் இறக்குவதில்லை, யாரும் தப்பாக நினைப்பதுமில்லை. பாதி முன்பணம், டிசைனுக்குச் சம்மதம் சொன்னதும் 30 விழுக்காடு, தளம் பொதுவில் ஏறுவதற்கு முன் மீதி 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வங்கியில் ஏறிய பிறகே முதல் வரியை எழுதத் தொடங்குங்கள். யூபிஐ இருக்கும் ஊரில் "நாளைக்குத் தருகிறேன்" என்பதற்கு உண்மையில் காரணம் அதிகம் இருக்காது.

கொட்டேஷனில் என்னென்ன எழுத வேண்டும்?

எத்தனை பக்கம், அவற்றின் பெயர்கள், எந்த மொழிகள். எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு. படமும் எழுத்தும் யார் தருவது, எந்தத் தேதிக்குள். டொமைனும், தளத்தை வைக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கும் யார் செலவு, அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு ஆகும். பாதியில் நிறுத்தினால் கட்டிய பணம் என்ன ஆகும். இரண்டு பக்கத்துக்குள், எளிய தமிழிலேயே எழுதலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் பேச்சுக்கு ஓர் ஆதாரம் இருக்கும், கையெழுத்து வாங்கிவிட்டால் இன்னும் நல்லது.

இதில் பலரும் தொடாத விஷயம் பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, சம்பள ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளி உரிமையாளர். தனியாளாக ஒப்பந்தத்தில் செய்பவருக்கு அந்த விதி பொருந்தாது. எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை, பொதுவாக நீங்கள் எழுதியதும் வரைந்ததும் உங்களுடையவை. மாற்றிக்கொடுக்கும்போதும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே "முழுத் தொகையும் வந்ததும் இந்தத் தளத்தின் வடிவமைப்பு உரிமை, பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும் உங்களுக்கு மாறுகிறது" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். அவருக்கு நிம்மதி, உங்கள் மீதிப்பணத்துக்கும் பாதுகாப்பு. வாங்கிய தீம், எழுத்துரு, படங்களுக்கு அவற்றின் சொந்த உரிம விதிகள் உண்டு என்பதையும் குறித்துவிடுங்கள்.

டொமைனை யார் பெயரில் வாங்குவது?

வாடிக்கையாளர் பெயரில், அவருடைய இமெயிலில், அவருடைய கார்டில். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. டொமைனைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, ஆள் வேறு டிசைனரிடம் போகும்போது பணம் கேட்டு மிரட்டுபவர்கள் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்கள். ஒரு கடைக்காரர் போர்டு, பில் புத்தகம், பை எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அச்சடித்திருப்பார், அதை இன்னொருவர் பிடித்துவைத்திருப்பது அநியாயம். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக் கொடுங்கள். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி அவர் கல்லாப்பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். புதுப்பிக்கும் தேதியை அவர் வீட்டுப் பிள்ளையின் போனிலும் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள்.

முன்பணம் வாங்கிவிட்டேன். படமும் எழுத்தும் வரவே இல்லை. என்ன செய்வது?

வேலை இழுபடுவதற்கு முதல் காரணம் இதுதான். கடைக்காரர் சோம்பேறி என்பதால் அல்ல. "எங்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதிக் கொடுங்கள்" என்றால் முப்பது வருடமாகத் தொழில் செய்பவரும் திகைத்து நின்றுவிடுவார். ஆகவே எழுதக் கேட்காதீர்கள், பேசக் கேளுங்கள். போனில் ரெக்கார்டு செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு கேள்விகளைப் போடுங்கள். கடை எப்படி ஆரம்பித்தது? உங்களிடம் வருபவர்கள் வேறு எங்கும் போகாமல் ஏன் இங்கே வருகிறார்கள்? அதிகம் விற்பது எது? அடிக்கடி வரும் புகார் என்ன? ஒரு மணிநேரப் பேச்சிலிருந்து ஐந்து பக்கத்துக்கான விஷயம் கிடைத்துவிடும், அதுவும் அவருடைய சொற்களிலேயே. "எங்கள் நிறுவனம் தரத்தில் சமரசம் செய்துகொள்வதில்லை" என்ற வரியை எழுதும் அவசியம் உங்களுக்கு வராது.

படத்துக்கு, காலை வெளிச்சத்தில் நீங்களே போய் போனில் எடுத்தாலும் போதும். லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள், ஆட்களை வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுங்கள், அனுமதியோடு. வெளிநாட்டு முகங்கள் சிரிக்கும் ஸ்டாக் படத்தைப் பள்ளபாளையத்துப் பட்டறையின் தளத்தில் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள். இந்த இரண்டு வேலைக்கும் கொட்டேஷனில் தனித் தொகை போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் தளம் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இதை நான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நல்ல தமிழ்த் தளங்கள் குறைவு. அந்த இடம் உங்களுக்குக் காலியாக இருக்கிறது.

கடைக்காரர் தரும் பழைய நோட்டீஸும் விலைப்பட்டியலும் டிடிபி சென்டரில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கலாம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அப்படியே நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் குப்பையாக வரும். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவியால், எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. தமிழ் எழுத்தைப் படமாகப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கூகுளுக்கு அதைத் தேடித்தருவது சிரமம், பார்வையற்றவரின் போனாலும் அதைச் சரியாக வாசிக்க முடியாமல் போகலாம்.

எழுத்துருக்களுக்குப் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், தலைப்புகளுக்கு பலூ தம்பி ஆகியவை எல்லாம் திறந்த உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும் பக்கத்துக்கு இரண்டு எழுத்தும் ஒரே குடும்பத்தில் இருக்கும் கேட்டமரன், முக்த மலர் வசதி. ஒரு பக்கத்துக்கு எழுத்துருவின் இரண்டு தடிமன் (சாதாரணம், தடித்தது) போதும், ஒவ்வொரு தடிமனும் பக்கத்தின் எடையைக் கூட்டும்.

ஆங்கிலத்துக்கு வைக்கும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கமாக இருக்கும். மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும், கீழே உகர ஊகாரமும் மோதிக்கொள்ளும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்கிலிருந்து 1.8 மடங்கு வரை வைத்துப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "பயன்படுத்திக்கொள்ளலாம்" என்ற ஒரு சொல் சிறிய போனின் பட்டனைத் தாண்டி வெளியே போய்விடும். ஆகவே நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும் சிஎஸ்எஸ் விதியைப் போடுங்கள், மெனுவை முதலில் தமிழில் வடிவமைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள். எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி விடும் விதியைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள், சொல் சிதறினாற்போல் தெரியும். பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல்-இல் குறிப்பிட மறக்காதீர்கள். பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

தேடுபவர்கள் எல்லோரும் தமிழ் எழுத்தில் தட்டுவதில்லை, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஏராளம். கடையின் பெயரையும் ஊரின் பெயரையும் இரண்டு எழுத்துகளிலும் பக்கத்தில் எங்காவது இயல்பாக வைத்துவிடுங்கள்.

தளத்தின் வேகம் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். பேருந்தில் போகும்போது, சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில், பழைய ஆண்ட்ராய்டு போனில்தான் உங்கள் தளம் திறக்கப்படும். முக்கியப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதும் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் பதில் சொல்ல வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். அதன் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் இலவசமாகச் சோதிக்கலாம். படங்களைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். முகப்பில் சுழலும் பெரிய ஸ்லைடரை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே மாதிரி தளம் செய்துவிடலாமா?

கூடாது. சில தொழில்களுக்குச் சட்டமே எல்லை போட்டிருக்கிறது. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி 36 தடை விதிக்கிறது. 2008-இல் செய்த திருத்தத்தின்படி பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, பணிபுரியும் துறை போன்ற குறிப்பிட்ட விவரங்களை மட்டும் தளத்தில் போடலாம். வென்ற வழக்குகளின் பட்டியல், கட்சிக்காரர்களின் பாராட்டு என்று நீங்கள் அழகுபடுத்தினால் சிக்கல் அவருக்குத்தான். சிவகாசிப் பட்டாசுக் கடை தளம் கேட்டால், ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் விதித்த தடை நினைவிருக்கட்டும். சித்த மருத்துவமனையோ நாட்டு மருந்துக் கடையோ "சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்" என்று போடச் சொன்னால், 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள். உணவுப்பொருள் விற்பவரின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உணவு உரிம எண்ணைத் தளத்தில் காட்டுங்கள்.

பணம் வாங்கும் வசதி கேட்டால், ஆன்லைன் பணத்தை வாங்கித்தரும் பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பொதுவாகத் தளத்தில் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திரும்பத் தருவது, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்களைப் பார்த்த பிறகே கணக்கைத் திறக்கும். அதையும் பக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாம் எப்படி?

சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு பொதுவாகக் கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. வருமான வரியில் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு, குறிப்பிட்ட தொழில்முறையாளர்கள் மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி எளிதாகக் கணக்கு முடிக்க வழி வைத்திருந்தது. 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண் மாறினாலும் ஏற்பாடு தொடர்கிறது. அது உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்று ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நிறுவனங்கள் உங்களுக்குத் தரும் தொகையில் முன்கூட்டியே வரியை, அதாவது டிடிஎஸ், பிடிக்கலாம். அது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வரித் தளத்தில் பாருங்கள், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து எளிதாகிவிடும்.

வேலை முடிந்தும் பணம் தராமல் இழுத்தடித்தால்?

முதலில், மீதிப்பணம் வராமல் தளத்தை ஏற்றாமல் இருந்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது. வந்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் ஆதார், பான் வைத்து இலவசமாகச் சிறுதொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம், இதற்குக் காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு தொழிலிடம் சேவை வாங்கியவர், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவு இருப்பது பாதுகாப்பு. உத்யம் எண்ணைப் பில்லின் அடியில் அச்சிட்டு வைத்தால் பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவு அதைக் கவனிக்கும்.

வெளிநாட்டு வேலை எப்போது எடுக்கலாம்?

உள்ளூரில் சில தளங்கள் நின்று ஓடத் தொடங்கியபின். அப்போது காட்ட நிஜ வேலை இருக்கும். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, கனடாவில் கடையும் கேட்டரிங்கும் நடத்தும் தமிழர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரிந்த டிசைனர் வேண்டியிருக்கிறது, அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். பணம் வங்கி வழியாக வரட்டும். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியோ பணம் அனுப்பும் நிறுவனமோ தரும் அந்நியச் செலாவணி வரவுச் சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் ஆண்டுதோறும் எல்யூடி என்ற உறுதிக் கடிதம் கொடுத்து, வரி கட்டாமலே ஏற்றுமதிப் பில் போடலாம்.

இப்போதைய வேலையை விட்டுவிடலாமா?

ஆறு மாத வீட்டுச் செலவு கையிலும், சொல்லி அனுப்பப்பட்டு வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரும் இருந்தால் யோசிக்கலாம். நீங்கள் தேடிப்போனவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்போதைய வேலையின் ஒப்பந்தத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தளத்தை ஒப்படைத்த பிறகும் தினம் ஒரு மாற்றம் கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

ஒப்படைக்கும் நாளிலேயே ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தாள் கொடுங்கள். ஊரில் எல்லோருக்கும் ஏஎம்சி என்றால் தெரியும், வாட்டர் ப்யூரிஃபையருக்கே போடுகிறார்கள். வேர்ட்பிரஸையும் அதில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் ப்ளகின்களையும் புதுப்பிப்பது, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது, மாதத்துக்கு இவ்வளவு நேரம் சிறு மாற்றங்கள் என்று மூன்றையும் எழுதுங்கள். அந்த நேரத்தைத் தாண்டினால் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். மாற்றங்களை வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக அனுப்பாமல் வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பச் சொல்லுங்கள், நீங்களும் ஒரே நாளில் செய்துமுடிக்கலாம். பேக்கப்பை வருடத்தில் ஒரு முறையாவது வேறு இடத்தில் ஏற்றிப் பார்த்து, அது உண்மையிலேயே திரும்ப நிற்கிறதா என்று சோதித்துவிடுங்கள்.

ஏஎம்சி வேண்டாம் என்பவரிடம் வருத்தப்படாமல் எல்லா பாஸ்வேர்டுகளையும் கடைசி பேக்கப்பையும் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தளம் ஏதாவது ஒரு நாள் நின்றுபோனால் அவர் போன் செய்வார். அப்போது மணிக்கணக்கில் பில் போடலாம், அந்த விலையையும் இன்றைக்கே அந்தத் தாளில் எழுதிவையுங்கள்.